ஒழுக மறுத்த கார்

இந்த விடுமுறைக்கு மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். குளியலறையில் வைத்து எடுத்த முடிவு. தாழ்ப்பாள் போட்டிருந்தேன். சத்தம் வெளியே போகாமலிருக்கக் குழாயையும் திறந்துவிட்டிருந்தேன். என் பெரிய முடிவுகள் எல்லாம் அங்கேதான் பிறக்கும். தலை துவட்டி முடிப்பதற்குள் அங்கேயே செத்தும் போகும். இது மட்டும் எப்படியோ உயிரோடு வெளியே வந்துவிட்டது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கெட்டவர் இல்லை. சிக்கலே அதுதான். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது. அவர் விசிலை விடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் வீடு வாங்கிப் போனார். போன விடுமுறைக்கு அங்கே தங்கியிருந்தபோது, விடியும் முன்பே எழுப்பிப் பனி படர்ந்த முற்றத்தில் நிறுத்தினார். குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொன்னார். நான் குனிந்தேன். தொடவில்லை. நிமிரவுமில்லை. அந்த நிலையிலேயே என்னை உள்ளே கொண்டுபோய் நாற்காலியில் பொருத்தினார்கள். அந்த வீட்டில் ரூம் ஹீட்டரும் கிடையாது. உடம்புதான் மாப்பிள்ளை ஹீட்டர் என்பார். என் உடம்பு அந்த மாடல் இல்லை.

வர முடியாது என்று நேராகச் சொல்வதுதானே என்று நீங்கள் கேட்டால், உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ‘முடியாது’ என்ற சொல் என் மனைவியின் பெயரில் பதிவாகியிருக்கிறது. நான் அதைக் கைமாற்றாக வாங்கிப் பயன்படுத்துவதோடு சரி.

அவளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஊரில் உள்ளவர்களின் ரத்தமும் மற்றவையும் சின்னச் சின்னக் குப்பிகளில் அவள் மேசைக்குப் போகும். ஒரு சொட்டைப் பார்த்து, அந்த ஆள் நேற்று என்ன தின்றார், டாக்டரிடம் என்ன பொய் சொன்னார் என்று சொல்லிவிடுவாள். நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். அடுத்தவன் பிழையில்தான் என் பிழைப்பு. வீட்டில் என் பிழைகளை அவள் பார்த்துக்கொள்கிறாள். அந்தப் பிரிவில் அவளுக்கு வேலை அதிகம்.

சந்தர்ப்பம் காரின் வடிவத்தில் வந்தது. பழைய கார். குளிர் தொடங்கியதும் அதன் ஹீட்டர் நின்றுபோனது. எஞ்சினில் சூடாகும் கூலன்ட், இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக உள்ளே வந்து, நமக்குச் சூடு கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். எங்கள் காரில் அந்த ஹோஸ் இரண்டும் உப்பி வெடித்திருந்தன. திரவம் போக வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் இரண்டையும் கழற்றிப் புதிது மாட்டினார். நான்கு முனையிலும் புதுக் கிளாம்ப் போட்டு முறுக்கினார். முறுக்கிவிட்டு, சில நாளைக்குக் கொஞ்சம் கவனமாக இருக்கச் சொன்னார். எஞ்சின் சூடானதும் ஹீட்டரை முழுசாக வைத்துவிட்டு, ஒவ்வொரு முனையிலும் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஆறினதும் கூலன்ட் டேங்க்கில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறக்கவே கூடாது. கசிவு இருந்தால் மலைப்பாதைக்குப் போகக் கூடாது, பாதி வழியில் எஞ்சின் கொதித்துவிடும் என்றார்.

இந்தக் கடைசி வாக்கியம் என் காதில் தேனாக விழுந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அந்த வேலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒரு சொட்டு கசிந்தாலும் பயணம் வேண்டாம், அண்ணனிடம் நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னாள். எனக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் அதிகாரம். கசிவு ஆய்வாளர். நியமனமும் உடனடி.

அன்று சாயங்காலமே பானெட்டைத் தூக்கினேன். எஞ்சினை ஓடவிட்டேன். ஹீட்டர் திருகை சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பினேன். உள்ளே வெந்நீர் அறை மாதிரி ஆனது. டார்ச் அடித்து நான்கு முனைகளையும் பார்த்தேன். துடைக்கும் தாளை எடுத்து ஒவ்வொரு கிளாம்ப்பையும் சுற்றித் தடவினேன். தாள் காய்ந்தபடியே திரும்பி வந்தது. முன் சீட்டுக்குக் கீழே கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். அதுவும் காய்ந்திருந்தது. மூக்கை நுழைத்து முகர்ந்தேன். ரப்பர் வாசனை மட்டும்.

இத்தனை வருடத்தில் அந்தக் கார் ஒரு வேலையையாவது ஒழுங்காகச் செய்ததில்லை. மழையில் கூரை ஒழுகும். வெயிலில் ஆயில் ஒழுகும். ஒழுக வேண்டும் என்று நான் முதல் முறையாக ஆசைப்பட்ட அன்றைக்குப் பார்த்து ஒழுக்கமாக இருந்தது.

உள்ளே போய்க் காய்ந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நல்லா பாத்தீங்களா?”

நல்லாத்தான் பார்த்தேன் என்றேன்.

“நாளைக்கு இன்னொரு தடவை பாருங்க. அவசரப்படாதீங்க.”

மறுநாள் வேலைக்குப் போகும் முன் பார்த்தேன். அளவு குறையவில்லை. கீழே விரித்த அட்டையில் கறை இல்லை. ஒருவேளை குலுங்கினால் கசியுமோ என்று தெருமுனை வரை ஓட்டிப் போய், வேகத்தடையில் வேண்டுமென்றே வேகமாக ஏறி இறங்கினேன். என் இடுப்பில் ஏதோ கழன்றது. காரில் ஒன்றும் கழலவில்லை. மெக்கானிக் முறுக்கிய முறுக்கு அப்படி. திரும்பி வந்து சொன்னேன். அவள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அந்தக் கீழ் பக்கம் இருக்கிற முனை கைக்கு எட்டாதுன்னீங்களே. அதையும் பாத்தீங்களா?”

அதையும் பார்த்தேன் என்றேன்.

“சாயங்காலம் இன்னொரு தடவை பாத்துருங்க. காலையில கிளம்பணும். ஏதாவது இருந்தா இன்னைக்கே தெரிஞ்சாகணும்.”

எவ்வளவு ஜாக்கிரதையான பெண் என்று நினைத்துக்கொண்டேன். அச்சகத்தில் நாள் முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு கல்யாண அழைப்பிதழில் மணமகன் என்பதை மரணமகன் என்று அடித்திருந்தார்கள். பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அப்படியே விட இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் பார்த்துக் காப்பாற்றினார். அந்த மனநிலையில்தான் எனக்கு அந்த யோசனை உதித்தது. பிழையைத் திருத்தத் தெரிந்தவனுக்குப் பிழையைப் போடவா தெரியாது?

கார் நிறுத்தும் கொட்டகையில் பழைய கூலன்ட் பாட்டில் ஒன்று கிடந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம். இருமல் மருந்தோடு வந்த சின்ன அளவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். மாடி வீட்டு டெய்லரம்மா ஜன்னலில் இருக்கிறாரா என்று அண்ணாந்து பார்த்தேன். தையல் மெஷின் சத்தம்தான் வந்தது. கிண்ணத்தில் ஊற்றி, கைக்கு எட்டாத அந்தக் கீழ் முனைக் கிளாம்ப்பின்மேல் கையை எட்ட வைத்துச் சில சொட்டு விட்டேன். அட்டையிலும் கொஞ்சம். சொட்டுச் சொட்டாக, இயற்கையாக. ஒரு சொட்டு மட்டும் ஓரமாகத் தள்ளி விழுந்தது. அதைக் கலைநயம் என்று விட்டுவிட்டேன். பாட்டிலைப் பழைய டயருக்குள் ஒளித்துவிட்டு, கவலை தோய்ந்த குரலில் அவளைக் கூப்பிட்டேன்.

வந்தாள். குனிந்தாள். டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி, கிளாம்ப்பைப் பார்த்தாள். டேங்க்கைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். தாளில் ஒரு சொட்டை ஒற்றி எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூப்பிடப் போனபோது, கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். குப்பிக்குச் சொந்தக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் அந்தப் பெஞ்சில் இருந்தேன்.

“கசியுதுங்க” என்றாள்.

மூச்சு வந்தது. ஆமாம்மா, நல்லவேளை பார்த்தோம் என்றேன்.

“பாவம் நீங்க. எவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சிருக்கீங்க.”

அட்டையை மடித்துக் குப்பையில் போட்டாள். தரையில் தெறித்ததையும் ஈரத்துணியால் துடைத்தாள். பக்கத்து வீட்டுப் பூனை நக்கிவிட்டால் அதற்கு விஷம் என்றாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் போனாள். நான் வெற்றிக் களிப்பில் பானெட்டை மூடப் போனேன். அப்போதுதான் டேங்க்கைப் பார்த்தேன்.

டேங்க்கில் இருந்தது ரோஸ் நிறம். அவள் துடைத்துவிட்டுப் போனது பச்சை நிறம்.

மெக்கானிக் பழைய கூலன்ட்டை முழுசாக வடித்துவிட்டுப் புதிது ஊற்றியிருக்கிறார். இதற்குள் இரண்டு தடவை அந்த டேங்க்கைப் பார்த்துவிட்டேன். அளவைப் பார்த்தேன், நிறத்தைப் பார்க்கவில்லை. தொழில் பழக்கம். எழுத்தைப் பார்க்கிறவனுக்கு அர்த்தம் கண்ணில் படாது. ரோஸ் டேங்க்கிலிருந்து பச்சையாகக் கசிந்த ஒரே கார் உலகத்தில் என்னுடையதுதான். அதைக் கண்டதோ, நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி.

பயந்துகொண்டே உள்ளே போனேன். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் வெளிச்சம் குறைவு, கவனித்திருக்க மாட்டாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். லேபில் சிவப்பும் மஞ்சளும்தானே வரும், பச்சை அவள் பாடத்திட்டத்தில் இருக்காது என்றும் நினைத்தேன். மனிதனுக்கு நம்பிக்கை வேண்டும்.

போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லிருங்க. பாவம், காத்துக்கிட்டிருப்பார்.”

மச்சான் முதல் மணியிலேயே எடுத்தார். கார் விவரத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, அவ்வளவுதானே, விடியற்காலையில் என் வேனை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டத்தில் வேன் இல்லை. மனைவி எதிரே உட்கார்ந்து வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன். அச்சகத்தில் அவசர வேலை வந்துவிட்டது, விடுமுறை முழுக்க உட்கார்ந்து புரூஃப் பார்த்தாக வேண்டும், முதலாளி லீவு தர முடியாது என்று சொல்லிவிட்டார் என்றேன். கார் சரியாக இருந்தாலும் கிளம்பியிருக்க முடியாது என்று ஒரு முறுக்கு கூடுதலாகவே முறுக்கினேன்.



“நீங்க குளிர் தாங்க மாட்டீங்கன்னு கம்பளி ரெண்டு வாங்கி வச்சேன் மாப்பிள்ளை” என்றார். “சரி. வேலைன்னா வேலைதான். உடம்பைப் பாத்துக்குங்க.”

திட்டியிருக்கலாம். போனை வைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ராத்திரிச் சாப்பாடு வரை இருந்தது. மனைவி அதன்பிறகு அண்ணனோடு தனியாகப் பேசினாள். அறைக்கதவு சாத்தியிருந்ததால் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. சமாதானம் சொல்லியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். அண்ணன் வீட்டுப் பயணம் நின்றுபோனதற்கு அவள் ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளவில்லை. தங்கமான பெண் என்று நினைத்தபடி தூங்கினேன்.

காலையில் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். ஜன்னலுக்கு ஓடினேன். மனைவி ஓட்டுநர் சீட்டில் இருந்தாள். முந்தாநாள் அடுக்கிய பெட்டி பின் சீட்டில் இருந்தது. பக்கத்து சீட்டில் மாடி வீட்டு டெய்லரம்மா, தலையில் பெரிய தொப்பி, மடியில் பலகாரக் கூடை. அவரை மெஷினுக்கு முன்னால் இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். கண்ணாடியை இறக்கினாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. ஹீட்டர் பிரமாதமாக வேலை செய்தது.

எங்கே போகிறாய் என்று கேட்டேன். ஏரிக்கரையில் அறை எடுத்திருக்கிறார்களாம். ரொம்ப நாளாக டெய்லரம்மாவும் இவளும் போட்டு வைத்த திட்டமாம். விடுமுறை முடிந்துதான் வருவார்களாம்.

“கார் கசியுதே” என்றேன். வேறு என்ன சொல்ல.

“வெளியிலதானே கசிஞ்சிருந்துச்சு. தொடைச்சிட்டேன்.”

டெய்லரம்மா தொப்பியை முன்னால் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

“தெரிஞ்சுதான் போன் பண்ணச் சொன்னியா?” என்று கேட்டேன்.

“பின்ன என்னங்க. எனக்கு மட்டும் பனியில குதிக்கணும்னு ஆசையா? பாவாடை கட்டின நாள்லேருந்து அந்த விசிலுக்குக் குதிச்சவ நான். ஆனா அண்ணன்கிட்ட வரலைன்னு நான் எப்படிச் சொல்றது? வளத்தவர். அதான் நல்லா பாருங்க, நல்லா பாருங்கன்னு உங்களுக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தேன். நீங்க போயிட்டு போயிட்டு வந்து காஞ்சிருக்குன்னு நிக்கிறீங்க. கடைசி வரைக்கும் நேர்மையாவே இருந்துருவீங்களோன்னு எனக்குப் பயமாப் போச்சு.”

பெட்டியில் என் சட்டை ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் கசிவைத் தேடிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலமே அவள் ஏரிக்கரைக்கு அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அண்ணனுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். மிரட்டலாகக் கேட்கத்தான் நினைத்தேன். விண்ணப்பமாக வந்தது. அவள் யோசிக்கவே இல்லை.

“யார் சொல்லப் போறா? கசியுதுன்னு சொன்னவர் நீங்கதானே.”

கார் போய்விட்டது. நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். பிறகு எனக்கே ஒரு தெளிவு வந்தது. நான் கேட்டது என்ன? மச்சான் வீட்டுக்குப் போகக் கூடாது. போகவில்லை. பனி இல்லை, விசில் இல்லை, விரலைத் தொட வேண்டாம். வீடு முழுக்க எனக்கு. கேட்பாரில்லை. உண்மையில் ஜெயித்தது நான்தான். காபி போட்டேன். சர்க்கரை யாரும் பார்க்காததால் தாராளமாகப் போட்டேன். அவளுடைய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டேன். விடுமுறை முழுக்க இதே நிலையில் இருப்பது என்று இன்னொரு முடிவும் எடுத்தேன். இந்தத் தடவை கூடத்தில் வைத்தே, தாழ்ப்பாள் இல்லாமல்.

காபி ஆறும் முன் வாசலில் அச்சக வேன் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, கயிறு கட்டிய தாள் மூட்டை ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்து கூடத்தில் இறக்கினார். கால்நடை நோய்கள் அகராதி என்று மேலே எழுதியிருந்தது. முதல் பாகம். இரண்டாம் பாகம் வேனில் இருக்கிறது, எங்கே வைக்கட்டும் என்றார்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் குரல் தழுதழுத்தது. நேற்று ராத்திரி என் மச்சான் அவரைக் கூப்பிட்டாராம். மாப்பிள்ளைக்கு லீவு கொடுங்கள் ஐயா, விடுமுறையில்கூட உழைக்கிறார், உடம்பு தாங்காது என்று எனக்காகக் கெஞ்சினாராம். இப்படி ஒரு ஊழியன் தனக்கு இருப்பதே முதலாளிக்கு அதுவரை தெரியாதாம். பல மாதமாக யாரும் தொட மறுத்த வேலை இது, நீங்களாகவே முன்வந்ததை நான் மறக்க மாட்டேன், விடுமுறை முடிந்து கடை திறக்கும்போது முழுசும் மேசையில் இருந்தால் போதும் என்றார். அவருடைய நம்பர் மச்சானுக்கு எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். உங்கள் வீட்டம்மாதான் கொடுத்தார்களாம், அருமையான குடும்பம் என்றார்.

மூட்டையைப் பிரித்தேன். மாட்டுக்கு வரும் கோமாரியில் மூன்று இடத்தில் ஒற்றுப்பிழை. ஆட்டுக்கு வந்ததைப் பார்க்கும் முன் மனைவிக்குப் போன் போட்டேன். டெய்லரம்மா எடுத்து ஸ்பீக்கரில் வைத்தார். ஹீட்டர் இரையும் சத்தம் கேட்டது. ஏன் இப்படிச் செய்தாய் என்று மட்டும் கேட்டேன்.

“உங்க நல்லதுக்குத்தாங்க. நம்ம வீட்டு மாப்பிள்ளை பொய் சொல்றவர்னு எங்க அண்ணன் ஒரு நாளும் நினைச்சிடக் கூடாதில்ல.”